மூளையின் மின்னலை கண்ட ஹான்ஸ் பெர்கர்

மார்கழித் திங்களில் மயிலாப்பூர்ச் சபை ஒன்றில் கச்சேரிக்கு வந்திருக்கும் முதியவர் ஒருவரை மனக்கண்முன் நிறுத்துவோம். அவர் அருகிலிருப்பவரோடு ஊர்ச் செய்தி பேசிக்கொண்டிருக்கிறார். பாட்டில் அவர் கருத்துச் சிறிதும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஆயினும், பாடகர் ஒரு சுரத்தைப் பிசகிப் பிடித்த அக்கணமே அவர் புருவம் நெரிகின்றது, பேச்சுத் தடைப்படுகின்றது. கேளாதிருந்தவர் எவ்வாறு கேட்டார்? இனித் தியாகராய நகரத்து ரங்கநாதன் தெருவிற்குச் செல்வோம். கூவி விற்பாரும் பேரம் பேசுவாரும் எழுப்பும் பேரொலியிடையே ஒரு தாய் சேலை தெரிந்துகொண்டிருக்கிறாள். அவ்வொலி முழுதும் அவள் செவியிற் புகுகின்றது, கருத்திற் புகுவதில்லை. கூட்டத்திடையே தன் குழந்தை அழைத்தால் மட்டும் சட்டெனத் திரும்புகிறாள். வேண்டாதவற்றைத் தள்ளி, வேண்டியதையும் புதியதையும் பற்றிக்கொள்ளும் வாயிற்காவலன் ஒருவன் நம் தலையினுள் ஓயாது விழித்திருக்கின்றான் போலும்.

அக்காவலன் தடுமாறினால் என்னாகும்? மனச்சிதைவு என்னும் நோயுற்றார் பலர்க்கு எல்லா ஒலியும் ஒருங்கே வந்து மோதுகின்றன. அன்றியும், பேசுவார் ஒருவருமில்லாத அறையில் குரல்கள் எழுகின்றன. அவை ஏசுகின்றன, ஏவுகின்றன, ஓயாது குறை கூறுகின்றன. உலக மக்களுள் ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவரை இந்நோய் பற்றுகின்றது. பெரும்பாலும் பதினாறு பதினேழு வயதிற்கும் முப்பதிற்கும் இடையே, அஃதாவது கலாசாலையிற் பயிலும் பருவத்தையொட்டியே, இது தலைகாட்டுகின்றது. ஆகவே இது நமக்கு அயலான செய்தியன்று.

தலையினுள் நிகழும் இவ்வேலையைக் கீறலாக எழுதிக் காட்டும் வழியை மனிதரிடத்து முதன்முதற் கண்டவர் ஜெர்மானிய மனநோய் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அன்னாருடைய சரித்திரம் முழுதும் போற்றத்தக்கதன்று. அதனாலேயே அது கற்கத்தக்கது என்று யாம் கருதி, ஈண்டு எழுதத் துணிந்தோம்.

பிறப்பும் இளமையும்

பெர்கர் 1873-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி, ஜெர்மனியில் கோபர்க் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். தந்தையார் அந்நகர வைத்தியசாலையின் தலைமை மருத்துவர். தாயார் பிரடெரிக் ரூக்கெர்ட் என்னும் புகழ்பெற்ற கவிஞரின் மகள். அக்கவிஞர் கீழ்நாட்டு மொழிகள் பலவற்றைக் கற்றுத் தேர்ந்தவர். மகாபாரதத்திலுள்ள நளன் கதையை ஜெர்மன் மொழியிற் கவிதையாக்கித் தந்தவர். நம் நாட்டுப் பழங்கதையைத் தம் நாட்டார்க்கு அறிமுகஞ்செய்த புலவரின் பேரனே பின்னாளில் மூளையின் எழுத்தை உலகிற்கு அறிமுகஞ்செய்தார் என்பதை எண்ணும்போது வியப்பு மிகுகின்றது.

இளைஞராகிய பெர்கருக்கு வானசாஸ்திரத்தில் விருப்பம் மிக்கிருந்தது. அது கருதி, கணிதம் பயில ஜெனா நகரத்துச் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். ஆனால் சின்னாளிலேயே படிப்பை நிறுத்திவிட்டு, ஓராண்டுக்காலம் குதிரைப் படையிற் பணிபுரியச் சென்றார். அங்கே நிகழ்ந்த ஒன்று அவர் வாழ்க்கையின் போக்கையே மாற்றியது.

வூர்ட்ஸ்பர்க் நகரருகே ஒரு நாட்காலை பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பெர்கர் ஏறியிருந்த குதிரை திடீரெனப் பின்னங்கால்களில் எழுந்து நின்றது. அவர் கீழே விழுந்தார். விழுந்த இடமோ, குதிரைகள் பூட்டிய பீரங்கி வண்டி ஒன்று உருண்டு வரும் வழி. வண்டியோட்டி கடைசிக் கணத்தில் அதை நிறுத்தினமையால் அவர் உயிர் தப்பினார். அன்று மாலை தந்தையாரிடமிருந்து நலம் உசாவி ஒரு தந்தி வந்தது. தந்தையார் அதுகாறும் அவருக்குத் தந்தி அனுப்பியதேயில்லை. தொலைவில் வீட்டிலிருந்த தமக்கையார், தம்பிக்கு ஏதோ தீங்கு நேர்ந்தது என்று மனங்கலங்கி வற்புறுத்தினமையால் அத்தந்தி அனுப்பப்பட்டதாம்.

இதனைத் தற்செயல் என்று கூறி நம்மிற் பலர் மறந்துவிடுவோம். பெர்கர் மறக்கவில்லை. அச்சமுற்ற தம் உள்ளத்திலிருந்து ஒரு சக்தி புறப்பட்டுத் தமக்கையாரைச் சென்றடைந்தது என்றே இறுதிவரை நம்பினார். அவ்வாறு ஒரு மனோசக்தி உண்டாயின் அது மூளையில் எவ்வாறு பிறக்கின்றது, அதை அளத்தல் கூடுமா என்னும் வினாக்கள் அவரை விடாது பற்றின. வானத்தை விட்டு மூளையை ஆராயப் புகுந்தார். கணிதம் விட்டு மருத்துவம் பயின்றார். அவர் தேடிய அச்சக்தி இன்றுவரை எவர் கைக்கும் அகப்பட்டிலது. ஆனால் பிழைபட்ட ஒரு வினாவைப் பொறுமையோடு தொடர்ந்து சென்றவர் மெய்யான ஒரு பொருளைக் கண்டெடுத்தார். கிணறு வெட்டப் புதையல் எழுந்த கதை இதுவென்க.

முப்பதாண்டுத் தேடல்

1897-இல் மருத்துவப் பட்டம் பெற்ற பெர்கர், ஜெனாவில் ஆட்டோ பின்ஸ்வாங்கர் தலைமையிலிருந்த மனநோய் மருத்துவசாலையில் உதவியாளராக அமர்ந்தார். அதன் பின்னர் அவர் உழைப்பெல்லாம் அவ்விடத்திலேயே. 1911-இல் தம் ஆராய்ச்சிக்குத் துணைபுரிந்த அர்சுலா என்னும் பிரபு குலத்து மங்கையை மணந்து நான்கு மக்களைப் பெற்றார். முதல் உலகப் போரில் மேற்குப் போர்முனையில் இராணுவ மருத்துவராகப் பணிபுரிந்தார். 1919-இல் பின்ஸ்வாங்கருக்குப்பின் மருத்துவசாலையின் தலைவரானார். 1927-இல் சர்வகலாசாலையின் தலைமைப் பதவியும் அவரை வந்தடைந்தது.

வெளியுலகம் கண்ட பெர்கர் மிகக் கண்டிப்பானவர். கடிகாரம்போல நாளைப் பகுத்து வாழ்பவர். வியப்பூட்டும் புதுமை எதனையும் எதிர்பார்க்கவொண்ணாத மனிதர். ஆனால் நாள்தோறும் அலுவல் முடிந்தபின் வேறொரு பெர்கர் விழித்தெழுவார். தனியறையிற் கதவடைத்துக்கொண்டு, உடன் பணிபுரிவோரும் நன்கறியாதபடி, தம் பழைய வினாவைத் தொடர்வார்.

முதலில் மூளையில் இரத்தம் ஓடும் முறையை ஆராய்ந்தார். மண்டையோட்டிற் காயத்தாலோ அறுவையாலோ சிறு திறப்பு ஏற்பட்டிருந்த நோயாளரிடம், சிந்திக்கும்போதும் அஞ்சும்போதும் மூளையின் துடிப்பு எவ்வாறு மாறுகின்றது என்று குறித்தார். பின்னர், நுண்ணிய வெப்பமானிகளைக்கொண்டு மூளையின் சூட்டை அளந்து, 1910-இல் நூலொன்று வெளியிட்டார். மூளையிற் செலவாகும் ஆற்றலில் எவ்வளவு சூடாகின்றது, எவ்வளவு மின்சாரமாகின்றது என்று கணக்கிட்டால், எஞ்சுவது மனோசக்தியாக இருத்தல்வேண்டும் என்பது அவர் எண்ணம். வணிகர் வரவு செலவு பார்ப்பதுபோல அவர் உள்ளத்தின் கணக்கைப் பார்க்க முயன்றார். கணக்கு நேர்படவில்லை. எஞ்சியிருந்த ஒரே வழி மின்சாரம்.

மூளையில் மின்சாரம் உண்டென்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. 1875-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து ரிச்சர்டு கேட்டன், முயல் குரங்கு முதலியவற்றின் மூளைமீது மின்கம்பிகளை வைத்து, நுண்ணிய மின்னோட்டங்கள் இருப்பதையும், புலன்களைத் தூண்டினால் அவை மாறுவதையும் கண்டறிந்தார். ஆனால் உயிரோடிருக்கும் மனிதனுடைய மண்டையைத் திறவாமல் அதை அளப்பது எங்ஙனம்? அம்மின்சாரம் ஒரு வோல்ட்டைப் பதினாயிரங் கூறு செய்தால் அவற்றுள் ஒரு கூற்றினும் குறைந்தது. அதனினும் பலமடங்கு பெரியது இதயத்தின் மின்சாரம். கண்ணிமைப்பும் தசையசைவும் அதை மூழ்கடிக்க வல்லவை.

1924-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் தேதி, மண்டையில் அறுவை செய்யப்பட்ட பதினேழு வயது இளைஞன் ஒருவனிடம் பெர்கர் சோதனை நடத்தினார். மின்மானியின் மெல்லிழை அசைந்தது. மனித மூளையின் மின்னலை முதன்முதலாக மனிதக் கண்ணிற் பட்டது அன்றுதான்.

வேறொருவராயின் மறுநாளே பறையறைந்திருப்பார். பெர்கரோ ஐந்தாண்டுகள் வாய்திறவாதிருந்தார். தாம் கண்டது மூளையின் அலைதானா, அன்றி இரத்தக்குழாயின் துடிப்பா, தோலின் மின்சாரமா, கட்டிடத்தின் அதிர்ச்சியா என்று ஐயங்கொண்டு ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தார். முதலில் ஊசிகளையும் பின்னர் வெள்ளித் தகடுகளையும் தலையிற் பொருத்திப் பார்த்தார். தம் மகன் கிளவுஸையே பன்முறை சோதனைக்கு இருத்தினார். தம் தலையிலும் கம்பிகளை ஒட்டிக்கொண்டார். ஒளிக்கதிர் ஒன்று ஓடும் புகைப்படத்தாளில் வரைந்த கோடுகளை மீண்டும் மீண்டும் எண்ணினார். 1929-இல்தான் மனித மூளையின் மின்வரைவு பற்றிய முதற் கட்டுரையை வெளியிட்டார். 1938-க்குள் அதே பொருள்பற்றிப் பதினான்கு கட்டுரைகள் வெளிவந்தன. இக்காலத்து மருத்துவசாலைகளில் ஈ.ஈ.ஜி. என்று வழங்குவது அவ்வரைவே.

கண்மூடி அமைதியாக இருப்பார் மூளையில், நொடிக்கு ஏறக்குறையப் பத்து முறை எழுந்து தாழும் அலை ஓடுவதை அவர் கண்டார். அதற்கு ஆல்பா என்று பெயரிட்டார். கண் திறந்தவுடன் அது மறைந்து, சிறிய விரைந்த பீட்டா அலைகள் தோன்றின. கையைத் தீண்டினாலும், திடீரென ஓசை எழுப்பினாலும், கணக்கொன்று போடச் சொன்னாலும் ஆல்பா அலை அடங்கியது. கவனம் என்னும் உருவில்லாப் பொருள் தாளில் தன் அடிச்சுவட்டைப் பதித்த முதல் நிகழ்ச்சி இதுவே. ஓசைக்கு மூளை தரும் விடையை ஆராயும் இன்றைய சாஸ்திரத்தின் தோற்றுவாயும் இதுவே.

உலகம் ஒப்பியது

ஜெர்மானிய அறிஞர் இதனைப் பொருட்படுத்தவில்லை. மின்சாரக் கருவிகளிற் பெரும்புலமையில்லாத ஒரு மனநோய் மருத்துவர், தனியறையில் கண்டதாகக் கூறும் ஒழுங்கான அலைகளை அவர்கள் நம்பவில்லை. கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ள மூளை, படைவீரர் அடியெடுத்து வைப்பதுபோல ஒருங்கே துடிக்கும் என்பது அவர்களுக்கு நகைப்பைத் தந்தது.

நோபல் பரிசு பெற்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் ஏட்ரியன், மாத்யூஸ் என்பாரோடு சேர்ந்து, 1934-இல் அதே சோதனையைச் செய்து பார்த்தார். அறிஞர் அவையின்முன் ஏட்ரியன் தம் தலையிலேயே மின்தகடுகளைப் பொருத்திக்கொண்டு அலைகளைக் காட்டினார். அவற்றைப் பெர்கரின் தாளகதி என்றே வழங்கினார். மறு ஆண்டிலேயே அமெரிக்காவின் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர், காக்கை வலிப்பின் ஒரு வகையில் நொடிக்கு மூன்றாக எழும் தனி அலையைக் கண்டனர். பேய் பிடித்ததாகவும் சாபமென்றும் தூற்றப்பட்ட ஒரு நோய், தாளில் வரைந்து காட்டத்தக்க மூளை நிகழ்ச்சியாயிற்று. 1937-இல் பாரிஸ் நகரத்து உளநூல் மகாநாட்டில் பெர்கர் பெருஞ்சிறப்புப் பெற்றார்.

வாழ்வின் மாசு

ஈண்டு நாம் நின்று கவனிக்கவேண்டிய பகுதிக்கு வந்துவிட்டோம். நாஜிகளாற் பெர்கர் துன்புறுத்தப்பட்டார், பதவியினின்று துரத்தப்பட்டார் என்று நெடுங்காலம் பலரும் எழுதிவந்தனர். பிற்காலத்தில் ஜெனாவின் ஆவணங்களை ஆராய்ந்த சரித்திர ஆசிரியர்கள் அது மெய்யன்று என்று காட்டினர். 1938-இல் உரிய வயதிலேயே அவர் ஓய்வு பெற்றார். அன்றியும், நாஜிகளின் எஸ்.எஸ். படைக்குப் பொருளுதவி செய்யும் உறுப்பினராக இருந்தார்.

இதனினும் கொடிது ஒன்றுண்டு. 1933-இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, சில நோய்கள் உள்ளவர்க்கு மக்கட்பேறு இல்லாதபடி கட்டாய அறுவை செய்ய அந்நாட்டு அரசாங்கத்திற்கு அதிகாரந் தந்தது. அப்பட்டியலில் மனச்சிதைவு முன்னணியில் இருந்தது. வலிப்பு நோயும் இருந்தது. இதற்கெனத் தனி நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டன. அவற்றின் மேல்முறையீட்டு மன்றம் ஜெனாவிலும் ஒன்று இருந்தது. அதில் மருத்துவ உறுப்பினராக அமர்ந்து தீர்ப்பளித்தவருள் பெர்கரும் ஒருவர். தம்மைக் காக்கவேண்டுமென்று முறையிட்டு வந்தவர்களின் வழக்கு அவர் முன் வந்தது. அச்சட்டத்தின்கீழ் ஜெர்மனியில் அறுவைக்குட்பட்டார் தொகை ஏறக்குறைய 4 இலட்சம் என்பர். 1941-இல் மீண்டும் அம்மன்றத்திற் பணிபுரிய அழைப்பு வந்தபோதும் அவர் மறுக்கவில்லை.

மாணவ அன்பர்காள், இதனை யாம் எழுதுவது இறந்தாரை இகழ்வதற்கன்று. முப்பதாண்டுகள் ஐயங்கொண்டு, தம் கண்ணால் கண்டதையே ஐந்தாண்டுகள் நம்பாமல் சோதித்தவர் பெர்கர். இதயத்துடிப்பையும் தோலின் மின்சாரத்தையும் ஐயுற்ற அப்பெருமகனார், ஓர் அரசாங்கம் அறிவியல் என்று பெயரிட்டுத் தந்த கொடிய கொள்கையை ஐயுறவில்லை. கருவியின் முன் இருந்த நுண்மை நீதிமன்ற நாற்காலியில் இல்லாது போயிற்று. அலையைக் கண்டவர் ஆளைக் காணவில்லை.

அவர் முடிவும் துயரமே. உடல்நோயும் மனச்சோர்வும் வாட்ட, 1941-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1-ஆம் தேதி, தாம் வாழ்நாளெல்லாம் உழைத்த அம்மருத்துவசாலையிலேயே தம் கையால் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 68. எத்துணையோ பேரின் உள்ளச்சோர்வுக்கு மருந்து தேடியவர், தம் சோர்வுக்குத் துணை காணாது மறைந்தார்.

ஓசையும் மூளையும்

நிற்க. பெர்கர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவாம். சும்மா இருக்கும் மூளையின் அலையைப் பார்த்து மட்டும் மனச்சிதைவை அறிதல் இயலவில்லை. மூளையை ஏதேனுமொன்று வினவி, அதன் மறுமொழியைக் கேட்கவேண்டும் என்பது பின்னர் விளங்கிற்று. வினவுதற்கு எளிய கருவி ஓசை.

1939-இல் ஹாலோவெல் டேவிஸ், பாலின் டேவிஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் குழுவினர், ஓசை கேட்டவுடன் மனித மூளையில் எழும் மறுமொழி அலையை விழித்திருப்பாரிடத்தும் உறங்குவாரிடத்தும் பதிவு செய்தனர். ஆனால் அது மிகச் சிறிது. ஓயாத ஏனைய அலைகளிடையே மறைந்துகிடப்பது. 1951-இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் டாசன் ஒரு தந்திரம் கண்டார். ஒரே தூண்டுதலைப் பன்முறை தந்து, கிடைக்கும் வரைவுகளையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தால், தொடர்பற்ற அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தூண்டுதலின் மறுமொழி மட்டும் எஞ்சும். திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலில் ஒருவர் பேச்சுக் கேளாது. ஆனால் அனைவரும் ஒரு தாளத்தோடு சேர்ந்து ஒரே நாமத்தைக் கூவினால் நெடுந்தொலைவு கேட்குமன்றோ? அதுபோல்வதே இது.

இம்முறையால் மூன்று செய்திகள் விளங்கின. முதலாவது: அரை நொடி இடைவெளியில் இரண்டு டிக் ஒலிகளைக் கேட்பித்தால், நோயில்லாதார் மூளை முதல் ஒலிக்குத் தந்ததினும் மிகச் சிறிய மறுமொழியையே இரண்டாவதற்குத் தருகின்றது, ஏற்கெனவே கேட்டதுதானே என்று வாயிலைச் சாத்திவிடுகின்றது. மனச்சிதைவுற்றார் பலரிடம் இரண்டாவது மறுமொழி அவ்வளவாகக் குறைவதில்லை என்று 1982-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ரங்கநாதன் தெருவின் இரைச்சலனைத்தும் தடையின்றி உட்புகும் நிலையை எண்ணிப் பார்ப்போமாக.

இரண்டாவது: ஒரே சுரத்தைத் தொடர்ந்து ஒலித்து, இடையில் அரிதாக வேறொரு சுரத்தை வைத்தால், கேட்பவர் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாலும், நொடியிற் பத்தில் ஒன்றிரண்டு பங்கிற்குள் மூளை அவ்வேறுபாட்டைக் கண்டு ஒரு தனியலையை எழுப்புகின்றது. இதனைப் பின்லாந்து அறிஞர் ரிஸ்டோ நேட்டனென் 1978-இல் எடுத்துரைத்தார். மயிலாப்பூர் முதியவரின் புருவத்தை நெரித்தது இவ்வலைக்கு உறவென்று கூறலாம். மனச்சிதைவுற்றாரிடம் இவ்வலை சிறுத்திருப்பதை 1991 முதல் பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. மூன்றாவது: அரிதான ஒலியைக் கவனித்து எண்ணுமாறு பணித்தால், ஏறக்குறைய நொடியிற் பத்தில் மூன்று பங்கு கழிந்தபின் பெரியதோர் அலை எழும். 1965-இல் அறிவிக்கப்பட்ட இவ்வலையும் இந்நோயிற் சிறுத்துக் காண்கின்றது.

இவற்றோடு இன்னுமொன்று சேர்க்கவேண்டும். நாம் பேசும்போது, வரப்போவது நம் குரலே என்று மூளை தன் செவிப்புலப் பகுதிக்கு முன்னறிவிப்புத் தருகின்றது. அதனால் தன் குரலுக்கு எழும் மறுமொழி அடங்குகின்றது. மனச்சிதைவுற்றாரிடம் இவ்வடக்கம் குறைவு. தம் உள்ளத்தில் எழும் சொல்லையே பிறர் குரலென்று மூளை கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறுதல் கடன. இவ்வேறுபாடுகள் பலரைச் சேர்த்து ஒப்பிட்டபோது தெரிபவை; ஒருவருடைய வரைவை மட்டும் நோக்கி, இவர் நோயாளி, இவர் அல்லர் என்று முடிவு கூறுதல் இயலாது. நோயறிவது இன்றும் மருத்துவர் நோயாளரோடு அமர்ந்து பேசிக் கேட்டலாலேயே. எந்தக் கருவியும் அச்செவிக்கு ஈடன்று.

நம் நாடும் நம் நகரமும்

நம் நகரத்தில் மனநோயாளர்க்கென முதல் விடுதி 1794-இல் ஏற்பட்டது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்திற்கு வந்தது. இன்று மனநல நிலையமாக நடைபெறுகின்றது. நெடுங்காலம் அவ்வூர்ப்பெயரே ஏளனச் சொல்லாக வழங்கிவந்தது. ஒருவரை இகழவேண்டின், அவ்விடத்திற்கு அனுப்பவேண்டும் என்பது நம்மவர் வழக்கு. அவ்வேளனத்தின் நடுவே, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற டாக்டர் சாரதா மேனன் அந்நிலையத்தின் தலைமையை ஏற்றார். நோயாளர் பூட்டப்பட வேண்டியவரல்லர், தொழில் பயின்று வீடு திரும்ப வேண்டியவர் என்னும் கொள்கையை நடைமுறையிற் காட்டினார். 1984-இல் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கென ஸ்கார்ஃப் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 2021-இல் மறையும்வரை அப்பணியிலேயே நின்றார். 1980-களின் தொடக்கத்தில் நோய் முதன்முதல் தோன்றிய 90 பேரைச் சென்னை ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்துவந்தனர். அவருள் பெரும்பாலோர்க்கு நோயின் கடுமை தணிந்தது என்பது அதனாற் போந்த நற்செய்தி. பெர்கர் காலத்து நீதிமன்றங்கள் இந்நோயைத் தீராத குலப்பழியாகக் கொண்டு தீர்ப்பளித்ததை ஈண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆயினும் நாம் பெருமை பேசுதற்கில்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளரை வைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தவர் ஓடவியலாது 28 பேர் மாண்டனர். ஜெர்மனியில் சட்டம் செய்த கொடுமையை இங்கே அறியாமையும் அசட்டையும் செய்தன. 2017-இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம், மனநோயுற்றாரைச் சங்கிலியாற் பிணித்தலைத் தடுக்கின்றது. மனநோய்க்குச் சிகிச்சையென்று கூறி மக்கட்பேற்றை ஒழிக்கும் அறுவையையும் தடுக்கின்றது. ஜெனாவின் நீதிமன்றத்திற்கும் ஏர்வாடியின் தீக்கும் ஒருங்கே விடை கூறுவதுபோல இவ்விரண்டும் ஒரே பிரிவில் அமைந்துள்ளன.

முடிவுரை

பெர்கரின் வரலாற்றை நோக்குமிடத்து விதியின் விளையாட்டொன்று புலனாகின்றது. எவரை அவருடைய மன்றம் குலத்திற்குக் கேடென்று தள்ளியதோ, அவர்க்கே அவர் கண்ட மின்வரைவு இன்று சாட்சி கூறுகின்றது. குரல் கேட்கின்றது என்று புலம்புகிறவர் பொய்யரல்லர், சோம்பரல்லர், பேய் பிடித்தவருமல்லர்; அவர் மூளை ஓசையை ஏற்கும் முறையே மாறியுள்ளது என்று அக்கோடுகள் கூறுகின்றன. கண்டவர் செய்யத் தவறிய நீதியை அவர் கண்ட பொருள் செய்கின்றது.

ஆகவே அன்பர்களே, பெர்கரிடமிருந்து இரண்டனைக் கற்போமாக. கண்டதையும் ஐயுற்று மீண்டும் சோதிக்கும் பொறுமையை அவர் வெற்றியிலிருந்து கொள்வோம். அச்சோதனையைச் சோதனைச்சாலையின் கதவோடு நிறுத்திவிடலாகாது என்பதை அவர் வீழ்ச்சியிலிருந்து கொள்வோம். நம் வகுப்பிலோ விடுதியிலோ ஒரு நண்பர் திடீரென ஒதுங்கி, உறக்கமிழந்து, யாரோ தம்மைப்பற்றிப் பேசுவதாக அஞ்சுவாராயின், நகைத்து விலகாமல் அருகிற் சென்று அமர்வோம். மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது அழைத்துச் செல்வோம். குணமடைந்து திரும்பும்போது அவருக்குரிய இடத்தை வகுப்பில் வைத்திருப்போம். மூளையின் ஓசையைக் கேட்கக் கருவிகள் உள. மனிதனைக் கேட்க மனிதனே வேண்டும்.